சேவர்னாக் காடும் சுற்றுவட்டாரமும்

லண்டனிலிருந்து காரில் ஸ்டோன்ஹெஞ்சுக்கும் பாத் நகருக்கும் போகிறவர்களில் பலர் மார்ல்பரோவில் இறங்கி ஒரு தேநீர் குடித்துவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறார்கள். அந்த ஊரின் தென்கிழக்கு விளிம்பிலேயே தொடங்குகிறது சேவர்னாக் காடு. வில்ட்ஷயர் மாவட்டத்தில், சுமார் 4,500 ஏக்கர் பரப்பில் ஓக், பீச், செஸ்ட்நட் மரங்கள் நிற்கும் பழங்காடு இது. கி.பி. 934-இல் அதெல்ஸ்டன் மன்னர் காலத்துச் சாசனம் ஒன்றிலேயே இதன் பெயர் வருகிறது. இங்கே நுழைவுச் சீட்டு கிடையாது. பேருந்துகளில் வந்திறங்கும் கூட்டமும் கிடையாது. என்னைக் கேட்டால், இங்கிலாந்தின் கிராமப்புறத்தைப் பார்க்க உங்களிடம் இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால், இரண்டையும் இங்கேயே செலவழியுங்கள். மூன்று நாள் இருந்தால் இன்னும் நல்லது.

அப்படிச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இந்தக் காட்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் கால்வாய், நீராவி எந்திரம், காற்றாலை, அரசி பிறந்த குடும்பத்தின் வீடு, ஐயாயிரம் ஆண்டுப் பழமையான கல்லறை எல்லாம் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் துண்டு துண்டாகத்தான் தெரியும். காட்டிலிருந்து தொடங்கினால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருப்பது புரியும். காட்டின் உரிமையாளர் ஒருவர் பிடித்த பிடிவாதத்தால் ஒரு சுரங்கம் வந்தது. கால்வாய் தண்ணீரை எடுத்துக்கொண்டதால் ஒரு காற்றாலை வந்தது. அந்த வரிசையிலேயே இந்த அத்தியாயத்தை அமைத்திருக்கிறேன்.

போய்ச் சேர்வது

காரில் வருகிறவர்கள் எம்4 நெடுஞ்சாலையில் 14-ஆம் சந்திப்பில் இறங்கி, ஹங்கர்ஃபோர்டு வழியாக ஏ4 சாலையைப் பிடித்தால் மார்ல்பரோவுக்கு நேரே வந்துவிடலாம். லண்டனிலிருந்து ஏறக்குறைய 120 கி.மீ. மார்ல்பரோவிலிருந்து பர்பேஜ் போகும் ஏ346 சாலை காட்டின் மேற்குப் பகுதியை ஊடுருவிச் செல்கிறது. ஊரைத் தாண்டி மேடு ஏறியதும் போஸ்டர்ன் ஹில் என்ற இடத்தில் வண்டி நிறுத்தலாம். முதல்முறை வருகிறவர்கள் அங்கிருந்து நடக்கத் தொடங்குவது எளிது.

ரயிலில் வர விரும்புகிறவர்களுக்கு கிரேட் பெட்வின் நிலையம் இருக்கிறது. லண்டன் பேடிங்டனிலிருந்து ரெடிங், நியூபரி வழியாக வரும் தடத்தில் உள்ளூர் ரயில்கள் இந்தச் சிற்றூரோடு நின்றுவிடும். நேர் ரயிலாக இருந்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். சில நேரங்களில் நியூபரியில் மாற வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் குறைவு என்பதால் திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்வினிலிருந்து காட்டின் கிழக்கு விளிம்புக்கு ஒரு மணி நேர நடை. லண்டனிலோ ரெடிங்கிலோ பிள்ளைகள் வீட்டில் தங்கியிருக்கும் பெற்றோர், வாரநாளில் யாரையும் எதிர்பார்க்காமல் தாங்களாகவே வந்துபோக ஏற்ற வழி இதுதான். நடக்க முடிகிறவர்களுக்குக் காரைவிட ரயிலையே நான் பரிந்துரைப்பேன். கால்வாய்க் கரைக்குப் போவதற்கும் இந்த நிலையமே வாசல்.

ஆர்டினன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் 157 வரைபடத்தை அவசியம் வாங்கிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் கைபேசி சிக்னலை நம்ப முடியாது. பாதைகள் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, ஆனால் எல்லாச் சந்திப்பிலும் பலகை இருக்காது. இரண்டு திருப்பம் தவறினால் ஒரு மணி நேரம் போய்விடும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இது அரசுக் காடு இல்லை, இன்றும் தனியார் சொத்து. 1939 முதல் வனத்துறை 999 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துப் பராமரித்து வருகிறது. பொதுமக்கள் தாராளமாக நடக்கலாம். ஆனால் பொதுவழி உரிமை வந்துவிடக் கூடாது என்பதற்காக உள்சாலைகளை ஆண்டில் ஒரு நாள் அடைக்கும் வழக்கம் உண்டு. அன்றைக்கு வாயிலில் அறிவிப்பு இருந்தால் வாதாடாமல் திரும்பிவிடுவதே முறை.

எப்போது வரலாம்

ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை ஒரு பருவம். பீச் மரங்கள் அப்போதுதான் இலை விட்டிருக்கும். அந்த இலை வழியாக வரும் வெயிலே பச்சையாக இருக்கும். மரநிழல் அடர்ந்து தரையை மூடுவதற்குள் புளூபெல் என்னும் நீலமணிப் பூக்கள் பூத்து முடித்துவிடும். இரண்டாவது பருவம் அக்டோபர் கடைசியும் நவம்பர் முதல் வாரமும். பீச் இலைகள் செம்பு நிறமாகிக் கொட்டும். காளான்கள் எங்கும் முளைத்திருக்கும். ஆண் மான்கள் அக்டோபரில் இணை தேடிக் கரகரத்த குரலில் கத்துவதையும் கேட்கலாம். நம்மவர்கள் அதிகம் வருவது பள்ளி விடுமுறை விடும் ஜூலை, ஆகஸ்டில்தான். அப்போது காடு ஒரே பச்சையாக இருக்கும். பிரேக்கன் எனும் பெரணி இடுப்பளவு வளர்ந்து சிறு பாதைகளை மறைத்துவிடும். அந்த மாதங்களில் வந்தால் அகலமான பாதைகளிலேயே நடங்கள். ஜூலையில் ஓக் மரங்களின் உச்சியில் பர்ப்பிள் எம்பரர் என்ற அரிய வண்ணத்துப்பூச்சி பறக்கும். கழுத்து வலித்தாலும் அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும்.

டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். குளிர்காலத்தில் வருவதானால் காலை பத்து மணிக்குள் காட்டுக்குள் இருக்கப் பாருங்கள். இலையில்லாத அந்தக் காலத்தில்தான் முதிய மரங்களின் உருவம் முழுதாகத் தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் நாள்: மரங்களுக்காக மட்டும்

சேவர்னாக்கின் பெருமை அதன் கிழட்டு மரங்கள்தான். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் இவ்வளவு முதிய ஓக் மரங்கள் இத்தனை நெருக்கமாக நிற்கும் இடம் அரிது. அவை எப்படிப் பிழைத்தன என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் பார்வையே வேறாகிவிடும்.

நார்மன் மன்னர்கள் காலத்தில் இது அரசரின் வேட்டைக்காடு. மானை வேட்டையாடும் உரிமை அரசருக்கு மட்டும். மான்களும் மாடுகளும் மேயும் இடத்தில் மரத்தைத் தரையோடு வெட்டினால் துளிர்க்கும் கொழுந்தை அவை தின்றுவிடும். எனவே ஆள் உயரத்துக்கு மேலே, கிளைகளை மட்டும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டினார்கள். விறகும் தழையும் கிடைத்தன, அடிமரம் அப்படியே நின்றது. இப்படிக் கழித்துக் கழித்து வளர்ந்த மரம் குட்டையாகவும் பருத்தும் போகும். தலைப்பாரம் குறைவாக இருப்பதால் காற்றில் சாயாது. முறுக்கிக்கொண்டு வளர்வதால் கப்பலுக்கும் உத்தரத்துக்கும் உதவாது, அதனால் கோடரிக்கும் தப்பியது. வெட்டப்பட்டதாலேயே நெடுநாள் வாழ்ந்த மரங்கள் இவை.

ஏ346 சாலையை ஒட்டியே நிற்கும் பிக் பெல்லி ஓக்கை முதலில் பாருங்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் வயது சொல்கிறார்கள். அடிமரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 11 மீட்டர். ஆறேழு பேர் கைகோத்தால்தான் சுற்றிப் பிடிக்க முடியும். 2002-இல், அரசி எலிசபெத்தின் பொன்விழாவையொட்டி அறிவிக்கப்பட்ட பிரிட்டனின் ஐம்பது சிறந்த மரங்களில் இதுவும் ஒன்று. மரம் இரண்டாகப் பிளந்து விழாமலிருக்க இரும்புப் பட்டை போட்டுக் கட்டியிருக்கிறார்கள். பெயருக்கேற்ற தொந்தி சாலைப்பக்கம் பிதுங்கி நிற்கும். வண்டிகள் வேகமாகப் பறக்கும் சாலை இது. ஓரத்தில் காரை நிறுத்திப் படம் எடுக்க முயல வேண்டாம். போஸ்டர்ன் ஹில்லில் நிறுத்திவிட்டுக் காட்டுக்குள்ளேயே தெற்கு நோக்கி நடந்து வந்து, சாலைக்கு இந்தப் பக்கமிருந்தே பாருங்கள். குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

உள்ளே போகப் போக கதீட்ரல் ஓக், ஸ்பைடர் ஓக், சேடில் ஓக், டியூக்ஸ் வான்ட் ஓக் என்று பெயர் பெற்ற மரங்கள் அங்கங்கே நிற்கின்றன. பலவற்றின் அருகே சிறிய பெயர்ப்பலகை உண்டு. கிங் ஆஃப் லிம்ப்ஸ் என்ற ஓக்கின் பெயரைத்தான் ரேடியோஹெட் இசைக்குழு 2011-இல் தங்கள் ஆல்பத்துக்கு வைத்தது. காட்டின் தெற்கே உள்ள டாட்டன்ஹம் மாளிகையில் அவர்கள் சில காலம் தங்கி ஒலிப்பதிவு செய்திருந்தார்கள். இளைஞர்களைக் காட்டுக்குள் இழுக்க இந்த ஒரு தகவல் போதும்.

எல்லா மரத்தையும் பார்த்து முடிக்க ஓடாதீர்கள். ஒரே ஒரு முதிய ஓக்கைத் தேர்ந்தெடுத்து, அரைமணி நேரம் அதைச் சுற்றி வாருங்கள். பட்டையின் பிளவுக்குள் விரல் முழுசாக நுழையும். வடக்குப் பக்கம் பாசி பிடித்திருக்கும். வெயில் படும் பக்கம் லைக்கன் சாம்பலும் மஞ்சளுமாக அப்பியிருக்கும். இந்தக் காட்டுக்குச் சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் கொண்ட இடம் என்ற பாதுகாப்பு 1971-இல் கிடைத்ததில் லைக்கன்களுக்கும் காளான்களுக்கும் பெரும்பங்கு உண்டு. அடியில் பொந்து இருந்தால் குனிந்து பாருங்கள், உள்ளே செம்பழுப்பில் உதிர்ந்த மரத்தூள் கிடக்கும். நடுமரத்தைக் காளான் தின்று கூடாக்கிவிட்டதன் அடையாளம் அது. மரம் சாகப்போகிறது என்று இதற்குப் பொருளில்லை. ஓக்கின் உயிர் பட்டைக்கு அடியிலிருக்கும் புது அடுக்கில்தான் ஓடுகிறது, நடுமரம் இல்லாமலும் பல நூறாண்டு நிற்கும். அந்தப் பொந்தில் ஆந்தையும் வௌவாலும் குடியிருக்கும், மக்கிய மரத்தில் வண்டின் புழு வளரும். ஆகவே பொந்துக்குள் குழந்தைகளை ஏற்றிப் படம் எடுக்க வேண்டாம். அடிமரத்தைச் சுற்றி மிதித்து மண்ணை இறுக்கவும் வேண்டாம், வேர் மூச்சுத் திணறும்.

வயதைக் கணிக்க ஒரு நூல்கண்டு போதும். மார்பு உயரத்தில் சுற்றி அளந்து பாருங்கள். ஓக்கின் சுற்றளவு 5 மீட்டரைத் தாண்டினால் அது நானூறு ஆண்டைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். பிள்ளைகளிடம் நூலைக் கொடுத்துவிட்டால் நடக்கக் கால் வலிக்கிறது என்ற பேச்சே வராது.

பிற்பகலை கிராண்ட் அவென்யூவுக்கு ஒதுக்குங்கள். காட்டின் குறுக்கே சுமார் 6 கி.மீ. நூல் பிடித்ததுபோல் நேராக ஓடும் பீச் மரச் சாலை இது. பிரிட்டனின் மிக நீண்ட மரச்சாலை என்று பெயர் பெற்றது. 18-ஆம் நூற்றாண்டில் இந்த எஸ்டேட்டின் உரிமையாளரான தாமஸ் புரூஸ், அன்றைய இங்கிலாந்தின் பேர்பெற்ற நிலவமைப்பாளரான கேப்பபிலிட்டி பிரவுனை அழைத்துக் காட்டைத் திருத்தியபோது உருவான திட்டம். பாதைகள் எட்டுத் திசையிலிருந்தும் வந்து கூடும் ஓரிடத்துக்கு எய்ட் வாக்ஸ் என்று பெயர். அங்கே நின்று ஒவ்வொரு பாதையாகக் கண்ணை ஓட்டினால் அந்தத் திட்டத்தின் அளவு விளங்கும். பீச்சின் பட்டை ஓக்குக்கு நேரெதிர், யானைக்கால் போலச் சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருக்கும். பீச்சுக்கு ஓக்கின் ஆயுள் கிடையாது. 250 ஆண்டு என்றாலே கிழம்தான். முதலில் நட்டவற்றில் பல விழுந்துவிட்டன, இடையிடையே பிற்காலத்தில் நட்ட மரங்கள் நிற்கின்றன. காற்று பலமாக அடிக்கும் நாளில் இந்தச் சாலையில் நடப்பதைத் தவிருங்கள். முதிய பீச் முன்னறிவிப்பில்லாமல் கிளையைப் போடும். சாலையில் கார் ஓட்ட அனுமதி உண்டு. ஆனால் குண்டும் குழியும் அதிகம், நடப்பவர்களுக்கும் அது தொல்லை. காரை விட்டுவிட்டே வாருங்கள்.

காட்டின் தெற்கில் நிற்கும் ஏல்ஸ்பரி தூண் வரை போகத் தெம்பிருந்தால் போகலாம். 1781-இல் தாமஸ் புரூஸ் தன் மாமனின் நினைவாக எழுப்பியது, 1789-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நோயிலிருந்து தேறியதற்கும் அதிலேயே நன்றி பொறித்துவிட்டார். தூணைவிட அதற்குப் போகும் வழியும் அங்கே மேயும் மான்களும்தான் எனக்குப் பிடித்தவை. டாட்டன்ஹம் மாளிகைக்குள் அனுமதி இல்லை.

காட்டுக்குள் ஆங்காங்கே கான்கிரீட் தளங்கள் கண்ணில் படும். இரண்டாம் உலகப்போரில் இந்த மரநிழலில்தான் வெடிகுண்டுகளை மறைத்து அடுக்கியிருந்தார்கள். போர் முடிந்த பிறகு, 1946 ஜனவரி 2 அன்று, சேவர்னாக் ரயில்தடத்தில் குண்டு ஏற்றிய வண்டிகள் வெடித்து எட்டுப் படைவீரர்கள் இறந்தார்கள். தீ மற்ற வண்டிகளுக்குப் பரவாமல் தடுத்த இருவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. ஏதேனும் துருப்பிடித்த உலோகப் பொருள் கண்ணில் பட்டால் தொடாமல் விலகிவிடுங்கள்.

உடையும் உணவும்

கால் முழுக்க மூடும் பேண்ட், நீர் புகாத காலணி, மழைச்சட்டை இவை மூன்றும் எந்த மாதத்திலும் தேவை. சேலையோ வேட்டியோ இங்கே சரிப்படாது. பெரணிப் புதரில் உண்ணி இருக்கும், அது கடித்தால் லைம் என்ற நோய் வரலாம். பேண்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்வதும், அறைக்குத் திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் என்று பார்ப்பதும் கட்டாயம். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வைக்காதீர்கள். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்து பரவினால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காட்டுக்குள் கடையும் இல்லை, கழிப்பறையை நம்பிப் போகவும் முடியாது. மார்ல்பரோவிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கிளம்புங்கள். புளிசாதமோ எலுமிச்சைச் சாதமோ கட்டிக்கொண்டு வருவது உத்தமம். மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. கையில் கொஞ்சம் சூடான தேநீர் ஃப்ளாஸ்கும் இருக்கட்டும். மிச்சத்தை மானுக்கும் அணிலுக்கும் போடாதீர்கள். அடுப்பு மூட்டவே கூடாது. புளூபெல் பூவைப் பறிக்கவும் கிழங்கைத் தோண்டவும் மனம் வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் செடி அது. மிதிபட்டாலும் மீண்டு வரப் பல ஆண்டு ஆகும், எனவே படத்துக்காகப் பாதையை விட்டு இறங்காதீர்கள். காளான்களைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்துங்கள். நம் ஊர்க் காளான் போலவே தோன்றும் சில இங்கே உயிரைக் குடிக்கும்.

இரண்டாம் நாள்: கால்வாய்க் கரை

கிரேட் பெட்வின் நிலையத்தில் இறங்கினால் கென்னட்-ஏவன் கால்வாய் சில அடி தூரத்திலேயே ஓடுகிறது. ஜான் ரென்னி என்ற பொறியாளர் வடிவமைத்து 1810-இல் முழுதும் திறந்த கால்வாய். ரெடிங்கையும் பிரிஸ்டலையும் இணைத்து 140 கி.மீ. நீள்கிறது. ரயில் வந்த பிறகு கேட்பாரற்றுப் போய், தன்னார்வலர்கள் பல்லாண்டு பாடுபட்டுச் சீர்செய்ய, 1990-இல் அரசி எலிசபெத் மறுபடி திறந்து வைத்தார். பழைய நாளில் குதிரைகள் படகை இழுத்துச் சென்ற பாதைதான் இன்று நடைபாதை. மேடு பள்ளம் இல்லாதது, வயதானவர்களுக்கும் ஏற்றது. மழை பெய்திருந்தால் மட்டும் சேறு.

கிளம்புமுன் பெட்வின் ஊரின் புனித மரியாள் தேவாலயத்துக்குள் போய் வாருங்கள். அங்கே கவசம் அணிந்த உருவத்தோடு சர் ஜான் சீமோரின் கல்லறை இருக்கிறது. எட்டாம் ஹென்றியின் மூன்றாவது மனைவி ஜேனின் தந்தை இவர். சேவர்னாக் காட்டின் காவல் பொறுப்பு நார்மன் காலம் முதல் எஸ்டர்மி குடும்பத்திடம் இருந்து, மகள் வழியாகச் சீமோர்களுக்கு வந்தது. அந்தக் காவலர்கள் ஊதிய யானைத் தந்த ஊதுகொம்பு, வெள்ளிப் பூணோடு, இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீமோர்களின் வுல்ஃப்ஹால் வீட்டுக்கு 1535 செப்டம்பரில் ஹென்றி வந்து தங்கினார். அடுத்த மே மாதம் ஜேன் அரசியானாள். ஹிலரி மேன்டலின் புக்கர் பரிசு பெற்ற நாவலுக்கு இந்த வீட்டின் பெயர்தான். பர்பேஜ் அருகே இப்போது அங்கே நிற்பது வேறொரு வீடு, தனியார் குடியிருக்கும் இடம். வாசலில் போய் நிற்காதீர்கள். தேவாலயத்துக் கல்லறையே போதுமானது.

கால்வாயோடு மேற்கே அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகமாக நடந்தால் க்ராஃப்டன் நீரேற்று நிலையம். செங்கல் கட்டடமும் உயர்ந்த புகைபோக்கியும் தூரத்திலேயே தெரியும். இது எதற்கு வந்தது என்றால், கால்வாய் இங்கேதான் தன் வழியின் உச்சிமேட்டைக் கடக்கிறது. ஒவ்வொரு படகும் மடை வழியாக ஏறி இறங்கும்போது மேட்டுப்பகுதித் தண்ணீர் கீழே போய்விடும். மேட்டில் இயற்கை ஊற்று கிடையாது, ஊற்றுகள் இருப்பது கீழே. எனவே அந்தத் தண்ணீரைச் சுமார் 12 மீட்டர் உயர்த்தி மேலே விட வேண்டும். அதற்காக வாங்கிய போல்டன்-வாட் நீராவி எந்திரம் 1812-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தான் வைக்கப்பட்ட அதே கட்டடத்தில், தனக்கிட்ட அதே வேலையை இன்றும் செய்யக்கூடிய எந்திரங்களில் உலகிலேயே பழையது இதுதான்.

நீராவி ஓட்டும் நாள்கள் ஆண்டில் குறிப்பிட்ட சில வார இறுதிகளில் மட்டும் வரும். பயணத் தேதியை அதற்கேற்ப மாற்றிக்கொள்வது வீண்போகாது. மற்ற நாளில் வேலையைச் செய்வது மின்பம்புகள். ஓட்டும் நாளில் அவற்றை நிறுத்திவிட்டு, நிலக்கரி அள்ளிப் போட்டு, எந்திரத்தையே கால்வாய்க்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். கீழ்த்தளத்தில் கொதிகலனின் அனல் முகத்தில் அடிக்கும். குறுகிய படியேறி மேலே போனால் வார்ப்பிரும்பு உத்தரம் ஒன்று தலைக்கு அருகே மெல்ல எழுந்து மெல்லத் தாழும். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு டன் அளவு தண்ணீர் மேலேறுகிறது. எண்ணெயும் நீராவியும் கலந்த வாசனை உடையில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். தன்னார்வலர்கள் எதைக் கேட்டாலும் பொறுமையாக விளக்குவார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் மேல்தளம் ஏறாமல் கீழேயே பார்ப்பது நல்லது.

க்ராஃப்டனிலிருந்து தெற்கே, வில்டன் ஏரிக்கரை வழியாக இருபது முப்பது நிமிடம் நடந்தால் வில்டன் காற்றாலை. 1821-இல் கட்டியது. கால்வாய்க்காகத் தண்ணீரைத் திருப்பியதால் இந்தப் பகுதியின் நீராலைகள் ஓய்ந்தன, ஊருக்கு மாவரைக்க வேறு வழி தேவைப்பட்டது. 1970-களில் பழுதுபார்த்து, இப்போதும் காற்றடிக்கும் நாளில் கோதுமை அரைக்கிறார்கள். முழுக் கோதுமை மாவு விற்பனைக்கு இருந்தால் ஒரு பை வாங்குங்கள், சப்பாத்திக்கு அருமையாக இருக்கும்.

நடக்க ஆசை மிச்சமிருந்தால் க்ராஃப்டனிலிருந்து மேற்கே புரூஸ் சுரங்கம் வரை போய் வரலாம். 459 மீட்டர் நீளம். நிலத்தைத் திறந்து வெட்டி வாய்க்கால் போடுவதுதான் முதல் யோசனையாக இருந்தது. காட்டின் உரிமையாளரான புரூஸ் தன் நிலத்தைப் பிளக்கச் சம்மதிக்காததால் அடியில் குடைந்தார்கள். இந்தக் கால்வாயில் இதைவிட நீளமான சுரங்கம் வேறு இல்லை. குதிரைக்கு உள்ளே பாதை கிடையாது. அது மேலே நடந்து போக, படகுக்காரர்கள் சுவரில் பதித்த சங்கிலியைப் பிடித்து இழுத்து இருட்டைக் கடந்தார்கள்.

மார்ல்பரோ

தங்குவதற்கு இந்த ஊர்தான் சௌகரியம். ஹை ஸ்ட்ரீட் பிரிட்டனின் மிக அகலமான கடைவீதிகளில் ஒன்று. இரு முனையிலும் ஒவ்வொரு பழைய தேவாலயம். புதன், சனிக்கிழமைகளில் வீதியிலேயே சந்தை கூடும், காய்கறியும் பாலாடைக்கட்டியும் மலிவாகக் கிடைக்கும். 1653-இல் ஊரே தீப்பற்றி எரிந்தது. அதற்குப் பிறகு ஒரு பட்டு வணிகர் கட்டிய வீட்டை அருங்காட்சியகமாகப் பராமரிக்கிறார்கள், ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். மார்ல்பரோ கல்லூரி வளாகத்துக்குள் நிற்கும் மண்மேடு கி.மு. 2400-ஐ ஒட்டியது என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதுவரை நார்மன் கோட்டைக்காகக் குவித்தது என்றே பலரும் நினைத்திருந்தார்கள். வளாகத்துக்குள் எப்போது விடுவார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் கிடைத்தால்: கற்கள்

மார்ல்பரோவுக்குத் தென்மேற்கே வெஸ்ட் வுட்ஸ் என்றொரு சிறு காடு. மே மாதத் தொடக்கத்தில் நீலமணிப் பூவுக்கு சேவர்னாக்கைவிட இதுவே மேல். ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய சார்சன் கற்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு 2020-இல் விடை கிடைத்ததும் இந்த இடத்தில்தான். 1958-இல் ஸ்டோன்ஹெஞ்சைச் செப்பனிட்டபோது ஒரு கல்லிலிருந்து துளைத்தெடுத்த உருளைத் துண்டை, அந்த வேலையில் இருந்த ஒருவர் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் வைத்திருந்து, 2018-இல் திருப்பிக் கொடுத்தார். அதன் வேதிக்கூறுகளைப் பல இடத்துக் கற்களோடு ஒப்பிட்டதில், 52 சார்சன்களில் 50 இந்தப் பகுதியைச் சேர்ந்தவை என்று பிரைட்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் நாஷ் தலைமையிலான குழு சொன்னது. 25 கி.மீ. தூரம் இழுத்துப் போயிருக்கிறார்கள். பாசி மூடிய கற்கள் இன்னும் மரங்களுக்கிடையே கிடக்கின்றன, கையை வைத்துப் பார்க்கலாம்.

அங்கிருந்து ஏவ்பரி. உலகிலேயே பெரிய கல்வட்டம். அகழியும் கரையும் சூழ்ந்த அந்த வட்டத்துக்குள் ஒரு ஊரே இருக்கிறது, ஆடுகள் மேய்கின்றன. ஸ்டோன்ஹெஞ்சில் கயிற்றுக்கு அப்பால் நின்று பார்க்க வேண்டும். இங்கே கல்லின் மேல் சாய்ந்தே நிற்கலாம், கட்டணம் அருங்காட்சியகத்துக்கும் வண்டி நிறுத்தவும் மட்டும்தான். இடைக்காலத்தில் மக்கள் இந்தக் கற்களைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். பிறகு வந்தவர்கள் நெருப்பில் சுட்டுத் தண்ணீர் ஊற்றி உடைத்து வீடு கட்டினார்கள். 1930-களில் அலெக்சாண்டர் கெய்லர் என்ற செல்வந்தர் தன் பணத்தில் தோண்டியெடுத்து நிமிர்த்தி நிறுத்தினார். 1938-இல் ஒரு கல்லுக்கடியில் 14-ஆம் நூற்றாண்டு மனிதர் ஒருவரின் எலும்புக்கூடு, கத்தரிக்கோலோடும் நாணயங்களோடும் கிடைத்தது. அந்தக் கத்தரிக்கோலை வைத்து அவரை நாவித வைத்தியர் என்று சொல்கிறார்கள். வட்டத்துக்குள் நிற்கும் கான்கிரீட் முளைகள் காணாமல் போன கற்களின் இடத்தைக் காட்டுபவை.

ஏவ்பரிக்குத் தெற்கே ஏ4 சாலையோரம் சில்பரி மேடு. கி.மு. 2400 வாக்கில் சுண்ணாம்புக்கல்லையும் மண்ணையும் குவித்து எழுப்பிய, ஐரோப்பாவின் மிகப்பெரிய தொல்பழங்கால மண்குன்று. ஏறத் தடை, சாலையிலிருந்து பார்த்தால் போதும். அதற்கு எதிரே வயல்வழியாகக் கால்மணி நேரம் மேடேறினால் வெஸ்ட் கென்னட் நெடுங்கல்லறை. கி.மு. 3650-ஐ ஒட்டியது, நீளம் நூறு மீட்டர், குறைந்தது 36 பேரின் எலும்புகள் கிடைத்த இடம். உள்ளே விளக்கு கிடையாது, டார்ச் கொண்டுபோங்கள். ஐந்து அறைகள் இருக்கின்றன, தலை இடிக்காமல் நிற்கலாம். யாராவது உள்ளே பூவோ மெழுகுவர்த்தியோ வைத்திருந்தால் எடுக்க வேண்டாம்.

கார் இல்லாதவர்களுக்கு, ஸ்விண்டனிலிருந்து டிவைசஸ் போகும் பேருந்து ஏவ்பரியில் நிற்கும். மார்ல்பரோவிலிருந்து ஸ்விண்டனுக்கும் பேருந்து உண்டு, அங்கிருந்து லண்டனுக்கு ரயில் ஒரு மணி நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை பேருந்துகள் மிகக் குறைவு என்பதால் கற்களுக்கான நாளைச் சனிக்கிழமையாக வைத்துக்கொண்டு, அன்று மாலையே ஸ்விண்டனுக்குக் கிளம்பிவிடுங்கள்.